ஏழாவது குழியில் விழுந்த அடி

அந்தக் காலத்துத் திண்டுக்கல்லில் கோல்ஃப் ஆடிய கல்லூரிப் பையன் ஒருத்தன்தான். பெயர் அருளப்பன். அப்பா தோல் கம்பெனியில் மேஸ்திரி. மகன் மதுரையில் பி.ஏ. படித்தான், சனிக்கிழமை ஆனால் ரயிலேறி வந்துவிடுவான்.

கம்பெனி மானேஜர் வெள்ளைக்காரத் துரை. சுதந்திரம் வந்து பத்து வருசம் ஆகியும் ஊர் திரும்பாத மனுசன். டவுனுக்கு மேற்கே கரட்டுக் காட்டில் ஒன்பது குழி வெட்டி வைத்திருந்தார். கூட ஆட ஆளில்லை. மேஸ்திரி மகன் இங்கிலீஷ் பேசுகிறானே என்று மட்டையை அவன் கையில் கொடுத்துவிட்டார். பையனுக்குக் கை நன்றாக வந்தது. ஹாஸ்டலில் ஒரே பீத்தல்.

"ஏலே, கிட்டிப்புள்ளுக்கு இம்புட்டு ஜம்பமா?" என்பார்கள் கூட்டாளிகள்.

"உங்க அப்பன் பாட்டன் பாத்திருப்பானாடா அந்தப் பந்தை?" என்பான் இவன்.

அந்தக் காட்டில் புல் நிற்காது. பந்து ஒழுங்காக உருள வேண்டுமே, அதற்காகக் குழியைச் சுற்றி மணல் பரப்பி, எண்ணெய் ஊற்றி மெழுகியிருந்தார் துரை. குழியில் ஒரு கம்பு. கம்பு நுனியில் சிவப்புத் துணி.

பக்கத்து ஊர்ப் பெருமாயிக்கு இது போதாதா? சாமி இல்லாத இடத்தில் எவன் மண்ணுக்கு எண்ணெய் ஊற்றுவான்? அவள் மகன் சடையாண்டி இலங்கைத் தோட்டத்துக்குப் போனவன். ஆறு வருசமாகக் கடுதாசி கிடையாது. விடிந்ததும் செவ்வரளி கொண்டுவந்து ஏழாவது குழிக்குள் போட்டு, "எம்மகனைக் கொண்டாந்து சேரு, எங்கிட்ட எது வேணுமோ எடுத்துக்க" என்று கும்பிட்டுப் போவாள். துரையும் அருளப்பனும் அந்தப் பூவை எடுத்துக் கடாசிவிட்டு ஆடுவார்கள். யார் போடுவது என்று ஒருநாளும் விசாரித்ததில்லை.

ஐம்பத்தேழாம் வருசம், பங்குனி மாசம். துரை மெட்ராஸ் போயிருந்தார். கேட்காமல் மட்டையை எடுத்துக்கொண்டு அருளப்பன் காலையிலேயே காட்டுக்குப் போனான். ஏழாவது குழி செம்மண் மேட்டுக்கு அந்தப் பக்கம். இங்கிருந்து பார்த்தால் சிவப்புத் துணி மட்டும்தான் தெரியும். அடிக்கும் முன்னால் சத்தம் கொடு என்று துரை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சத்தம் போட்டால் காவல்காரனுக்குக் கேட்டுவிடுமே! வாயை மூடிக்கொண்டு அடித்தான்.

அப்படி ஓர் அடி அவனுக்கு அதற்கு முன் விழுந்ததில்லை. பந்து மேட்டைத் தாண்டி இறங்கியது. "ஆத்தாடி!" என்று ஒரு குரல்.

ஏறிப் பார்த்தான். பச்சைக் கண்டாங்கி கட்டிய ஒருத்தி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு மண்டி போட்டிருந்தாள். விரலிடுக்கில் ரத்தம். பந்து தெறித்துப் புதருக்குள் போயிருந்தது. அவள் பந்தையும் பார்க்கவில்லை, இவனையும் பார்க்கவில்லை. அருளப்பன் ஓடிப்போய் மதுரை ரயிலைப் பிடித்துவிட்டான்.

இரண்டாம் மாசம் சடையாண்டி வந்து பெருமாயி வாசலில் நின்றான். அருளப்பன் வீட்டில் சோறு தின்னும்போது அப்பா கதையாகச் சொன்னார்: "காட்டுச் சாமி கண்ணை எடுத்துக்கிட்டு மகனைக் குடுத்துருச்சாம்ல. ஊரே போய்க் கும்பிடுது." அருளப்பன் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினான்.

துரை கப்பலேறினார். ஏழாவது குழியில் ஊர்க்காரர்கள் சாமியென்று மூன்று கல் நட்டார்கள். அருளப்பன் மட்டையைத் தொடவில்லை. படிப்பு முடிந்து ரயில்வே பார்சல் ஆபீசில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையுமில்லாத மனுசர். ஆனால் பூட்டுப் பட்டறைத் தெருவில் சுத்தியல் 'டொக்' என்று விழுந்தால் கால் நின்றுவிடும். உரித்த முட்டையைத் தட்டில் வைத்தால் எழுந்துவிடுவார். சவரம் செய்யும்போது கண்ணாடியில் அவருக்குப் பின்னால் ஒருத்தி கண்ணைப் பொத்தி மண்டியிட்டிருப்பாள். திரும்பினால் சுவர். மாதா கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தார். மன்னிப்புக் கிடைத்தது. அவள் போகவில்லை. அவளிடமே சொன்னால்தான் தீரும் என்று நினைத்துக்கொண்டே ஏழு வருசத்தை ஓட்டினார்.

அறுபத்துநாலில் பெருமாயி மகனோடு தக்காளிக் கூடை அனுப்ப ஆபீசுக்கு வந்தாள். வேலையைச் சீக்கிரம் முடித்துக் கொடுத்ததற்கு, "நல்லாயிருப்பே அப்பு" என்று அவர் கன்னத்தைத் தடவி நெட்டி முறித்தாள். ஒற்றைக் கண்ணால் சிரித்தாள். அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே காட்டுக்குப் போனார்.

கல்லுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். "யாரு, பார்சலாபீசு அப்புவா? நீ வேதக்காரனாச்சே, இங்கிட்டு எங்க?"

"ஆத்தா, உங்க கண்ணைச் சாமி எடுக்கலை. நான்தான். அந்த மேட்டுக்கு அங்கிட்டு நின்னு பந்தடிச்சேன். உங்க மேல பட்டுருச்சு. பச்சைச் சேலை கட்டியிருந்தீங்க."

அவள் திட்டவில்லை. தூரத்தில் கிணற்றடியில் மாடு பூட்டிக் கமலை ஓட்டிக்கொண்டிருந்த சடையாண்டியையே பார்த்தாள்.

"அப்ப, நான் சாமிக்கு இன்னும் ஒண்ணுமே குடுக்கலையா?" வலது கை மெல்ல எழுந்து நல்ல கண்ணுக்குப் போனது. "குடுக்காட்டி எம்புள்ளையத் திருப்பி எடுத்துக்குமே."

அருளப்பன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "பொய் ஆத்தா! சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன்."

"பச்சைச் சேலைன்னியே?"

"ஊருல பேசிக் கேட்டது."

"அப்பக் கற்பூரத்தை அடிச்சுச் சத்தியம் பண்ணு."

எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார். "சாமிதான் எடுத்துச்சு. நான் இல்லை."

பெருமாயிக்கு மூச்சு வந்தது. "போக்கிரிப் பயலே, கிழவிய இப்பிடியா பயங்காட்டுவே? வருசா வருசம் வந்து உங்கையால கற்பூரம் கொளுத்து, வா."

அடுத்த வருசம் போனார். அதற்கடுத்த வருசமும் போனார். போகாமல் இருந்தால் கிழவிக்குச் சந்தேகம் வந்துவிடும்.