மைக் செட் மரியதாஸும் பாதியில் நின்ற பாட்டும்

மைக் செட் மரியதாஸ் அண்ணன் இறந்துவிட்டாராம்.

வாட்ஸ்அப்பில் வந்தது. நான் நம்பவில்லை. போன வருஷமும் இப்படித்தான் மாலை போட்ட படம் ஒன்று வந்தது... விசாரித்தால் அது காசிமேட்டில் வேறு ஒரு மரியதாஸ்.

அவர் மகனுக்கே போன் போட்டேன். "ஆமா அங்கிள், காலைலதான்... தூக்கத்துலயே போய்ட்டாரு" என்றான். சரி. இந்த முறை நிஜம்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அவரைத் தெரியாது. ஐம்பதுகளில் ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் எங்கே கச்சேரி என்றாலும் கம்பத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்டியவர் அவர்தான். என் வாழ்க்கையில் கேட்ட நல்ல கச்சேரி எல்லாம் அவருடைய ஒயர் வழியாகத்தான் வந்தது.

திருவொற்றியூர்க் கோயில் திருவிழா நாதஸ்வரம்... இன்றைக்கும் எனக்கு அதுதான் நம்பர் ஒன். மில் ஷிஃப்ட் முடித்து வந்தவர்கள் டிபன் கேரியரோடு அப்படியே நின்றுவிட்டார்கள்.

எனக்கோ சந்தேகம். ஒரு மனுஷன் மூச்சில் இவ்வளவு சத்தமா, இல்லை மைக் செட்காரர் ஏதாவது தில்லுமுல்லு செய்கிறாரா? வித்வானுக்குப் பின்னாலேயே போய் நின்று கேட்டேன். மூச்சுதான்.

அப்போதுதான் கவனித்தேன். ஆம்ப்ளிஃபையர் பெட்டிமேல் கை வைத்தபடி மரியதாஸ் அண்ணன் வித்வானையே பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்தின் பக்கம் திரும்பவே இல்லை. ஏன் என்று பிறகு கேட்டேன்.

"சத்தத்த ஏத்து, எறக்குன்னு மேடைல வாயத் தொறந்து கேக்க மாட்டாங்கோ தம்பி. முன்னாடியே சொல்லி வெச்சிப்போம். ஒருத்தரு புருவத்தத் தூக்குவாரு, ஒருத்தரு மோதிரத்தத் திருப்புவாரு. நான் கண்ண எடுத்தா போச்சு."

அடுத்தது கல்மண்டபம் பக்கம் நடந்த கவ்வாலி. ரோடே சேர்ந்து கை தட்டியது. ஹார்பரில் கிரேன் ஓட்டிய எங்கள் நைனா, வீட்டில் சிரிக்கவே சிரிக்காதவர், அவரும் தட்டினார்.

ஆனால் பாதிப் பாட்டு என் காதில் ஏறவில்லை. காரணம் ஒரு நாற்காலி. நாங்கள் எல்லோரும் தரையில். பாட்டு கற்றுக்கொண்டிருந்த எங்கள் பிலோமினா அக்காவுக்கு மட்டும் மரியதாஸ் அண்ணன் எங்கிருந்தோ ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார். எதற்கு? அன்றிலிருந்து அவர்மேல் ஒரு கண் வைத்தேன்.

சந்தேகம் சரிதான். பெண் கேட்டு அவர் அம்மா வந்தார்கள். நைனா வாசலிலேயே பேச்சை முடித்துவிட்டார். "கம்பம் ஏறி கொழா கட்றவனுக்கு எம்பொண்ணு கேக்குதா?"

அதற்கு அப்புறம் வந்த மாதா கோயில் திருவிழாவில்தான் அக்காவின் முதல் கச்சேரி. மைக் செட்? வேறு யார்... அவர்தான்.

அக்கா பிரமாதமாக ஆரம்பித்தாள். நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண் அக்காவை விட்டு அகலவில்லை. ரெண்டாவது பாட்டில் அக்கா மேல் ஸ்தாயிக்கு ஏறுகிறாள், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்கிறாள்... பொசுக்கென்று சத்தமே இல்லை. மைக் செத்துவிட்டது.

"யோவ் மைக்கு! இன்னாய்யா பண்ணிகினு கீற?"

கூட்டம் கத்த, அக்கா அழுதுகொண்டே இறங்கினாள். அத்தோடு கச்சேரி முடிந்தது.

"பொண்ணு குடுக்கலன்னு பழி வாங்கிட்டாம்பா" என்று ஊரே பேசியது. எங்கள் வீட்டில் அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எதையும் நம்பாத எனக்கே இல்லை.

'ஒயரு புடுங்கி தாஸ்' என்று பேர் வைத்தார்கள். கோயிலோ கல்யாணமோ, அப்புறம் ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை. ஸ்பீக்கர்களை விற்றுவிட்டு எண்ணூரில் ஒரு பட்டறை வேலைக்குப் போய்விட்டார்.

அக்காவோ அடுத்த திருவிழாவில் வேறு மைக் செட்டில் ஜம்மென்று பாடினாள். பிறகு கல்யாணம், பிள்ளைகள்... கோயில் பாடகர் குழுவில் எத்தனையோ வருஷம்.

ஒருமுறை பஸ்ஸில் அவர் என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். கேட்டேவிட்டேன். "வேணும்னேதான மைக்க நிறுத்தின?"

"ஆமான்னு வெச்சிக்கயேன் தம்பி" என்றார். அது என்ன பதில்? தப்பு செய்தவன் பதில்தான் என்று முடிவு கட்டினேன்.

இன்று அக்காவிடம் செய்தியைச் சொன்னேன். இப்போது என்னோடுதான் இருக்கிறாள். காது மந்தம், கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

எழுந்து போய் மாதா படத்துக்கு முன்னால் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினாள். அப்புறம், "நாந்தான்டா நிறுத்தச் சொன்னேன்" என்றாள்.

"இன்னாக்கா ஒளர்ற?"

"அன்னிக்கி காலைலேர்ந்தே தொண்ட சரியில்ல. மானம் போயிடுமோன்னு பயம். முந்தானைய செருகினா மைக்க நிறுத்திடுன்னு அவருகிட்ட சொல்லி வெச்சேன். மேல போறப்ப கொரலே வரல... செருகிட்டேன்."

"அப்ப ஏன் அந்த ஆளு வாயத் தொறக்கல? சொல்லாதன்னியா?"

"நான் ஒண்ணும் சொல்லல. அவரா சொல்லல... நானும் சொல்லாம இருந்துட்டேன்."

செத்தவர் பேரைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்த முந்தானை... அதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான் பார்த்தேன். அவர் கண் அவள்மேலேயே இருந்ததையும் பார்த்தேன். அதை வைத்துத்தானே இத்தனை வருஷமும்...

டைப் செய்ய முடியவில்லை.

நாளை சாயங்காலம் அடக்கம். அக்காவும் வருகிறாள். கல்லறையில் பாடப் போகிறாளாம்.

"இந்த வயசுல கொரலு ஒடஞ்சிடும்க்கா" என்றேன்.

"ஒடையட்டும்டா. எல்லாரும் கேக்கட்டும்" என்றாள்.

போய் வாங்க, தாஸ் அண்ணே.