சாவுக்கு வைத்த மீன் பீப்பாய்

பெய்ஹுவாவைச் சந்தேகம் பிடித்தது அவள் கல்யாணத்தன்று. மாப்பிள்ளைக்குப் பதில் அவன் தம்பியை உட்காரவைத்துவிட்டார்கள் என்று தோன்றியதும், அத்தனை உறவுக்கு நடுவில், "வாயத் திற, உடைஞ்ச பல்லப் பாக்கணும்" என்றாள். பல் உடைந்துதான் இருந்தது. அப்போதும் விடாமல் விளக்கைப் பிடித்துக் கடைவாய் வரை பார்த்தாளாம். தென்சீனத்தில் தோங் இனத்தாரின் ஆற்றோர ஊர்களில் இதை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். பிறகு மாடியை விருந்தாளிகளுக்கு வாடகைக்கு விட்டாள். வந்து தங்கிய ஒருத்தி அவள் பூவேலை செய்த திரைச்சீலையைப் படம் பிடித்துப் போனாள். மறுவருஷம் அதே பூவேலை நகரத்துக் கடையில் தொங்கியது. அதன்பின் விருந்தாளி இருமினாலும் அது யாருக்கோ காட்டும் ஜாடையாகவே அவளுக்குப் பட்டது.

அறுவடைக் காலத்து விடுமுறையில், குவாங்சோவிலிருந்து ஹே என்பவர் மனைவியோடும் மகளோடும் வந்து இறங்கினார்.

"மலை, படிவயல், கூரை போட்ட பாலம் எல்லாம் சுத்திப் பாக்கணுங்க. இந்தப் பக்கம் வர்றது இதான் முதல் தடவை."

பெய்ஹுவா, தேயிலையை எண்ணெயில் வறுத்துக் காய்ச்சும் எண்ணெய்த் தேநீர் ஊற்றினாள். கூடவே கொடுக்கும் ஒற்றைச் சாப்பாட்டுக் குச்சியைக் கிண்ணத்தின் குறுக்கே வைக்கும்வரை அங்கே ஊற்றுவதை நிறுத்தமாட்டார்கள். இது தெரியாத நகரத்துக்காரர்கள் மூச்சு முட்டக் குடித்துவிட்டு எழ முடியாமல் தவிப்பார்கள். ஹே மூன்றாம் கிண்ணத்தோடு குச்சியைக் குறுக்கே வைத்தார்.

'முதல் தடவை வர்ற மூஞ்சியா இது?'

அதோடு விட்டாரா மனிதர்? மரத்தூண்கள்மேல் நின்ற வீட்டுக்கு அடியிலிருந்த மரப் பீப்பாயை முகர்ந்து பார்த்து, "இந்தப் புளிமீன் கொஞ்சம் கிடைக்குமாங்க?" என்று வேறு கேட்டுவைத்தார்.

"அது குடுக்கிறதுக்கு இல்ல," என்று பெய்ஹுவா மூடியை அழுத்திவிட்டாள். அது மாமனார் சாவுக்கென்று உப்பும் மிளகாயும் ஒட்டரிசியும் சேர்த்து அவள் அடைத்துவைத்த, நெல்வயலில் வளர்ந்த மீன். சாவு வீட்டில் கறி ஆகாது, மீன்தான் பரிமாற வேண்டும். வருஷக்கணக்கில் ஊறிய மீன் இல்லாத வீட்டை ஊர் ஏழு தலைமுறைக்கு மென்று துப்பும். மாமனார் லாவ்தியானுக்குத் தொண்ணூறு ஆகிறது. எந்த நாளும் அந்த நாளாகலாம்.

மறுநாள் ஹே குடும்பம் படிவயல் பார்க்கப் போயிருந்தது. கீழே வந்த பெய்ஹுவா அப்படியே நின்றுவிட்டாள். பீப்பாய் மேல் ஒரு புல் முடிச்சு! அந்த ஊர்களில் விறகோ தேன்கூடோ, முடிச்சுப் போட்டவருக்குத்தான் அது சொந்தம், அவரே அவிழ்க்கவேண்டும். வேறு யாரும் தொடமாட்டார்கள்.

வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். வந்தவர்களை உள்ளே விடவில்லை.

"எந்த ஓட்டல்காரன் அனுப்பினான் உங்கள? என் வீட்டுப் பீப்பாய்க்கு நீங்க முடிச்சுப் போடுவீங்களா?"

"ஐயோ அக்கா, நாங்க புல்லையே தொடலீங்க!" என்றாள் ஹேயின் மனைவி. "பாப்பாவுக்குப் புல்லு பட்டாலே தடிச்சுப்போகும். இந்தாங்க, கையப் பாருங்க."

பெய்ஹுவா சிறுமியின் கையைப் பிடித்து விரல் விரலாகப் பார்த்தாள்.

"அந்தப் புள்ளைய விடும்மா," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "முடிச்சு நான் போட்டது."

"மாமா! நீங்களா?"

"அது யாருக்குன்னு வச்ச மீனு?"

"உங்களுக்குத்தான்."

"எனக்குன்னா நான்தான முடிச்சுப் போடணும்? நான் போனப்புறம் ஊரே உக்காந்து விரலச் சப்பும். நான் எங்கருந்து திங்கிறது? விருந்தாளி கேட்டாலாவது திறப்பியேன்னுதான், பாலத்துல பாத்தப்பவே இவருக்கு எல்லாம் சொல்லிக்குடுத்து அனுப்பினேன். அதுக்கும் நீ அசையல, அதான் முடிச்சு."

ஹே தலையைக் குனிந்துகொண்டார். "குச்சி விஷயமும் தாத்தா சொன்னதுதாங்க."

"அப்ப உங்க சாவுக்கு என்னத்தப் பரிமாறுவேன்?" என்றாள் பெய்ஹுவா. "ஊரு என்னைத்தான கேக்கும்?"

"புது மீனப் போட்டு வை. அது பதமாகுறவரைக்கும் நான் எங்கயும் போகமாட்டேன்."

"பேச்சு மாறமாட்டீங்கள்ல?"

"வேணும்னா என் வாயையும் திறந்து பாத்துக்க."

பெய்ஹுவாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கிழவர் முடிச்சை அவிழ்த்தார். மூடி திறந்ததும் தெரு முழுக்கப் புளிப்பு மணம் ஏறியது. சிறுமிகூட மூன்று துண்டு தின்றாள். கிழவர் தின்றதை யாரும் எண்ணவில்லை.

அன்று சாயங்காலமே பெய்ஹுவா வயலில் புது மீன் பிடித்து வந்து, உப்பிட்டு, வேறொரு பீப்பாயில் அடுக்கி, மேலே கல்லை ஏற்றினாள். மூடியில் தானே ஒரு முடிச்சுப் போட்டாள். பிறகு மாமனாரின் விரல்களைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அடிப்பக்கமாக, யார் கண்ணிலும் படாத இடத்தில், காவலுக்கு இன்னொன்றும் போட்டுவைத்தாள்.