இறுகிப்போன மருந்து

மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் 'ரெண்டு தடவை' என்றுதான் கூப்பிடுவார்கள். எதையும் இரண்டு முறை பார்க்காமல் விடமாட்டாள். "என்னையே ரெண்டு தடவை வந்து பாத்துட்டுத்தான் கட்டிக்கிட்டா" என்பார் தையல்காரரான அவள் கணவர்.

அவள் வேலை ஒரு விசித்திரமான மூலக்கூறுச் சங்கிலியோடு. அதன் இரண்டு முனைக்கும் தண்ணீர் என்றால் உயிர். நடுப்பகுதிக்குத் தண்ணீரே ஆகாது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று தவிக்கிற சங்கிலிகள் தண்ணீரில் கூட்டம் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகிவிடும். தண்ணீர் ஆகாத பகுதி உள்ளே ஒளிந்துகொள்ளும். தண்ணீரில் கரையாத மருந்தை அந்த உள்ளறையில் குடிவைக்கலாம்.

குளிரில் உருண்டைகள் தள்ளித் தள்ளி மிதக்கும். மருந்து தண்ணீராக ஓடும். உடம்புச் சூட்டில் அவை பெருகி, நெருங்கி, பழக்கடை ஆரஞ்சுபோல வரிசையாக அடுக்கி நிற்கும். மருந்து கூழாக இறுகிவிடும். திடீரென்று காது கேட்காமல் போனவர்களுக்கு அதை ஊசியில் ஏற்றிச் செவிப்பறையைத் தாண்டி உள்ளே விட்டால், அங்கேயே தங்கி மெல்ல மெல்லக் கசியும். அதற்காகப் பல வருஷம் உழைத்திருந்தாள்.

முதல் நோயாளிக்குப் போடவேண்டிய நாள். பனிக்கட்டிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு காரில் கிளம்பினாள். பாலத்தில் லாரி கவிழ்ந்து கிடந்தது. முன்னாலும் போகமுடியவில்லை, பின்னாலும் போகமுடியவில்லை. காருக்குள் அனலடித்தது. பெட்டியைத் திறந்தாள், பனிக்கட்டி முழுக்கத் தண்ணீர். ஊசிக்குழலைச் சாய்த்தாள். உள்ளே மருந்து அசையவில்லை.

மேலாளரை ஃபோனில் பிடித்தாள்.

"திரும்பக் குளிர வெச்சா ஓடப்போகுது. இதுக்கா பயப்படுற?" என்றார் அவர்.

"ஓடும் சார். ஆனா மருந்து உருண்டைக்குள்ளயே இருக்குமா, வெளிய விழுந்துடுமா? சூடாக்கித் திரும்பக் குளிரவெச்சு நாம பாத்ததே இல்லையே."

"எத்தனை பேர் காத்திருக்காங்க தெரியுமா? போட்டுட்டு வாம்மா."

வழி திறந்து மருத்துவமனைக்கு வந்ததும் மருந்தைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வெளியே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த பெண்ணுக்குத்தான் அந்த ஊசி. கைக்குழந்தைக்காரி.

"நல்ல காது தலைகாணியில அழுந்திட்டா பாப்பா அழுறது கேக்கமாட்டேங்குதுக்கா. நாள் கடத்தினா கேக்காமலே போயிடும்னாங்க. இன்னைக்குப் போட்டுடுவாங்கல்ல?"

"போடுவாங்கம்மா" என்றாள்.

குளிர்ந்த மருந்து நன்றாகத்தான் ஓடியது. டாக்டரம்மாவும் பார்த்துவிட்டு, தெளிவாக இருக்கிறது என்றார். இவள் விளக்கடியில் குழலைத் திருப்பினாள். ஏதோ மினுங்கியது. காற்றுக்குமிழாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே மறுபடி திருப்பினாள். மணல்போலத் துகள்கள் கீழே இறங்கின.

"போடாதீங்க டாக்டர். மருந்து பிரிஞ்சு விழுந்திருக்கு. இது காதுல என்ன பண்ணும்னு எனக்குத் தெரியாது."

டாக்டரம்மா குழலைத் தள்ளி வைத்தார். வழக்கமான ஊசியை அன்றைக்கே போட்டார். அது தங்காது, காதிலிருந்து தொண்டைக்குள் சீக்கிரம் வடிந்துவிடும். ஆனாலும் எதுவும் போடாமல் விடமுடியாது. "அப்ப அந்தப் புது மருந்து?" என்று அந்தப் பெண் கேட்டாள். "அது கெட்டுப்போச்சும்மா. என் மடியிலதான் கெட்டுப்போச்சு" என்றாள் இவள்.

மேலாளர் சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு சோதித்துப் பார்த்தார்கள். சூடுபட்டுக் குளிர்ந்த ஒவ்வொரு குழலிலும் துகள். சங்கிலியின் நடுப்பகுதியை நீளமாக்கி, உள்ளறையைப் பெரிதாக்கி, மருந்தைப் புதிதாகச் செய்யவேண்டி வந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பாதி காதுதான் திரும்பியது. குழந்தை வீறிட்டு அழுதால் அந்தக் காதில் கேட்கிறதாம், சிணுங்கினால் கேட்பதில்லையாம். டாக்டரம்மா சொன்னதிலிருந்து இவளுக்குச் சரியாகச் சோறு இறங்கவில்லை. கார் நேரத்துக்குப் போயிருந்தால் முழுக்கக் கேட்டிருக்குமா என்று கணவரிடம் கேட்டாள்.

"யாருக்குத் தெரியும்" என்றார் அவர், சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுத்துக்கொண்டே.