ஆடியில் போன டாட் காம்

தினசரிக் காலண்டரில் தாளைக் கிழித்து, ராகு காலம், எமகண்டம், சூலம் என்று மேலிருந்து கீழாக வாசித்து முடித்த பிறகுதான் கண்ணுச்சாமி செல்போனைக் கையில் எடுப்பார். வெப்சைட் பெயர் விற்கும் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கும். 'உங்கள் டொமைன் இன்னும் இருபத்தேழு நாளில் காலாவதியாகிறது.' தாளை இன்னொரு முறை பார்ப்பார். "இன்னைக்கு அஷ்டமி. அவய்ங்களுக்கு என்ன தெரியும்" என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். மறுநாள் நவமி. அதற்கு மறுநாள் செவ்வாய்க்கிழமை. அதையும் தாண்டினால் அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். மாதத்தில் தோதான நாள் என்று மூன்றோ நாலோதான் மிஞ்சும். அந்த நாட்களில் மண்டபத்தில் கல்யாணம் இருக்கும். ஆளைப் பிடிக்க முடியாது.

சமயநல்லூரில் மெயின் ரோட்டை ஒட்டி நிற்கும் அன்னக்கொடி மஹால் அவருடையது. பெயர் மட்டும் மனைவியுடையது. அங்கே போர் போட்டதும், ஜெனரேட்டரை முதன்முதலில் ஓடவிட்டதும், கழிப்பறைக்குக் கதவு மாட்டியதும் எல்லாம் முகூர்த்தத்தில்தான். எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் செல்வக்குமார் மண்டபத்துக்கு வெப்சைட் செய்து கொடுத்தபோது, தேங்காய் உடைத்து, லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைத்துத்தான் திறந்தார்கள். அன்று கீபோர்டில் குங்குமம் உள்ளே போன ஒரு எழுத்து இன்றுவரை அழுத்தினால் எழுந்திருப்பதில்லை.

கம்பெனிக்காரர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முதல் வருடம் ஒரு தட்டு பிரியாணி விலைக்குப் பெயரைக் கொடுத்தார்கள். மறு வருடம் அதே பெயருக்கு அண்டா பிரியாணி விலை கேட்டார்கள். யாரும் கேட்காத பாதுகாப்பு, யாரும் திறக்காத மெயில் பெட்டி என்று தாங்களே டிக் அடித்து பில்லில் சேர்த்தார்கள். போன் செய்தால் கால் மணி நேரம் வாத்தியம் வாசிக்கவிட்டு, பிறகு ஒருவர் வருவார். என்ன குறை சொன்னாலும் அவரிடம் ஒரே மருந்துதான்: "பிரவுசர்ல கேஷ் கிளியர் பண்ணிப் பாருங்க சார்."

"அது கெடக்கட்டும். ஒங்க மொதலாளி பேரென்ன? எந்த ஊருக்காரரு?" என்று கண்ணுச்சாமி கேட்பார். லைன் கட்டாகிவிடும்.

வைகாசியில் ஒரு பெரிய முகூர்த்த நாளன்று சைட் நாலு மணி நேரம் படுத்துக் கிடந்தது. மெயின்டனன்ஸ் என்றார்கள். கண்ணுச்சாமி அதை இன்னும் மறக்கவில்லை. "மெயின்டனன்ஸுன்னு அவய்ங்க நாலு மணி நேரம் கடைய அடைச்சா சயின்ஸு. ராகு காலம்னு நான் ஒன்றரை மணி நேரம் பொறுத்தா பட்டிக்காட்டானா?" என்று செல்வக்குமாரிடம் கேட்பார்.

இந்த வருடம் டொமைன் முடிகிற நாள் ஆடி மூன்று. செல்வக்குமார் ஓடி வந்தான். "அண்ணே, ஒரு அமுக்கு. ரெண்டே நிமிசம்."

"ஆடியில நான் எதையும் வாங்கவும் மாட்டேன், எழுதிக்குடுக்கவும் மாட்டேன் மாப்ள. ஆவணி பொறக்கட்டும்."

"கம்பெனிக்கு ஆடி ஆவணியெல்லாம் தெரியாதுண்ணே."

"அது அவய்ங்க கொற."

சைட் நின்றது. முப்பது நாள் தவணை தருவதாகக் கம்பெனியிலிருந்து மெயில் வந்தது. "பாத்தியா, பொறுக்குறாய்ங்கள்ல" என்று கண்ணுச்சாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. தவணை முடிந்த நாள் ஆவணி இரண்டு. அவர் குறித்து வைத்திருந்த முகூர்த்தம் ஆவணி ஆறு. நடுவில் இருந்த நாலு நாளில் பெயரை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள்.

கே.கே. நகர் டாக்டர் வீட்டம்மா, சம்பந்தி வீட்டாருக்கு மண்டபத்தைக் காட்டப் போனைத் திறந்திருக்கிறார். மணமேடை வரவில்லை. அரைகுறை உடையில் ஒரு பெண் வந்து, ரம்மி ஆட வாருங்கள் என்று கண்ணடித்திருக்கிறாள். அவர்கள் வேறு மண்டபம் பார்த்துக்கொண்டார்கள். சிங்கப்பூரிலிருந்து அன்னக்கொடியின் தம்பி பேச்சிமுத்து கூப்பிட்டு, "என்னக்கா, ஒம்பேர்ல கிளப்பு ஓடுது?" என்றான்.

அன்னக்கொடி கத்தவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "மண்டபத்துக்கு எம்பேர வைங்கன்னு நான் கேக்கல. இப்ப எம்பேரச் சொல்லி ஊரே சீட்டாடுது." கண்ணுச்சாமிக்கு உண்மையிலேயே அவமானமாக இருந்தது. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

அதே பெயர், டாட் காமுக்குப் பதில் டாட் இன்னில், இன்னும் யாரிடமும் போகவில்லை என்று செல்வக்குமார்தான் கண்டுபிடித்தான். "இதையும் எவனாச்சும் தூக்கிட்டா அக்கா பேரு மொத்தமாப் போயிரும்ணே. இன்னைக்கே முடிச்சிருவோம்." கண்ணுச்சாமி காலண்டரைப் பார்த்து வெள்ளிக்கிழமை காலை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால் என்று குறித்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே மண்டப ஆபீசில் லேப்டாப் பொட்டோடு தயாராக இருந்தது. அன்னக்கொடியும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஒன்பதே காலுக்குச் செல்வக்குமார் அமுக்கினான். கம்பெனியின் பக்கம் சுற்றியது. பழைய பாஸ்வேர்டு தப்பு என்றது. புதியதை மெயிலில் அனுப்புவதாகச் சொல்லி இருபது நிமிடம் அனுப்பவில்லை. பெட்டிகளில் அதுவாகவே அடித்துக்கொண்ட டிக்குகளை எடுப்பதற்குள் பத்தே காலும் தாண்டிவிட்டது. கண்ணுச்சாமி அதையும் பொறுத்துக்கொண்டார். கடைசியில் அவர் போன் சிணுங்கியது.

"ஓடிபி வந்துருச்சுண்ணே. நம்பரச் சொல்லுங்க. அஞ்சு நிமிசந்தான் செல்லும்."

கண்ணுச்சாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். போனைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தரை. வெள்ளிக்கிழமை ராகு காலம் ஆரம்பிக்கும் நேரம்.

"சொல்லுங்களேன்" என்றாள் அன்னக்கொடி.

கண்ணுச்சாமி போனை மேசையில் குப்புறக் கவிழ்த்தார். காலையில் கிழித்த காலண்டர் தாளை எடுத்து அதன் மேல் விரித்தார். ஃபேன் காற்றில் தாள் பறந்துவிடாமல் இருக்க, கண்ணாடியைக் கழற்றி அதன் மேல் வைத்தார்.