மை போடாத கோடு

ராணுவ மண்டலத் தலைமையகத்தின் வரைபட அறையில் அவருக்கு இருபத்தாறு வருடம். சீருடை இல்லாத வேலை. படங்களில் எல்லைக் கோடு போடுவதால் எல்லாருக்கும் அவர் கோட்டு மாமா.

நாற்பது வருடம் முன்பு, பரப்பு பெரிது என்று ஒரே மண்டலத்தை இரண்டாகப் பிரித்தார்கள். ஆறுதான் எல்லை. இக்கரைக்கு இவர்கள் பொறுப்பு, அக்கரைக்கு அவர்கள். ஆறு யாரைக் கேட்டு ஓடுகிறது? பத்தொன்பது வருடம் முன்பு ஒரு வெள்ளத்தில் தடம் மாறி, அக்கரையின் ஏழு தெருக்களை இக்கரையில் தள்ளிவிட்டுப் போனது. கோட்டு மாமா சுவர்ப் படத்தில் புது எல்லையைப் பென்சிலால் போட்டார். உத்தரவு வந்ததும் மை போடலாம் என்று விட்டார். உத்தரவு கேட்டுக் கோப்பு அனுப்பவே மறந்தார்.

அந்தத் தெருக்களில் ஒன்றில்தான் அவருடைய அக்கா தனியாக இருந்தாள்.

விடாத மழையின் மூன்றாம் நாள் காலை அக்கா போன் செய்தாள். "டேய், தண்ணி வீட்டுக்குள்ள வந்தாச்சு. மாடிப்படியில உட்கார்ந்திருக்கேன். உங்க படகெல்லாம் அலங்காரத்துக்கா?"

அவர் மேஜரிடம் ஓடினார். மேஜர் ஏற்கெனவே அடுத்த மண்டலத்தோடு போனில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "அச்சடிச்ச படத்துல அது உங்க இடம் சார்!" அந்தப் பக்கத்துக் குரல் வெளியே கேட்டது: "ஆறுதானே எல்லை? இப்ப அது உங்க கரை!"

கோட்டு மாமா நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பினார்.

"மாமா, நீங்க நடக்கிற நடையில தரை தேஞ்சிடும்" என்றாள் அலுவலகத் தொலைபேசி இணைப்புகளைக் கவனிக்கும் பெண்.

மேஜர் போனை வைத்ததும் அவர் சுவர்ப் படத்தைக் காட்டினார். "நம்ம இடம்தான் சார்."

"இது பென்சில்."

"பத்தொன்பது வருஷப் பென்சில்."

"உத்தரவு?"

"இல்லை சார். நான் கோப்பே அனுப்பலை. தப்பு என்னோடது, எழுதித் தர்றேன். அதை வச்சுப் படகு அனுப்புங்க."

"ஓய்வுக்கு நாலு மாசம் இருக்கு. யோசிச்சீங்களா?"

"யோசிக்கிற நேரத்துல தண்ணி இன்னொரு படி ஏறும் சார்."

எழுதிக் கொடுத்தார். படகுகள் போயின.

சாயங்காலம் அக்கா ராணுவக் கம்பளியோடு வந்து இறங்கினாள். "ஒரு கோட்டுக்கு மை போடப் பத்தொன்பது வருஷமாடா?" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

மறுநாள் விசாரணைக் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் கிடையாது என்றும் அதில் இருந்தது. புது எல்லைக்கு உத்தரவு கேட்டு அவர் ஒருவழியாக அனுப்பிய கோப்பு இப்போதுதான் முதல் மேஜையைத் தாண்டியிருக்கிறது. மழை தூறினாலே அவர் எழுந்து போய், பென்சில் கோடு அழியாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்.