கூரை மேலே ஒரு மருமகள்

மாமோயோ இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த மறுநாள் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்தாள். அது ஜூலை மாதம். எங்கள் புலவாயோ நகரத்தில் அதுதான் குளிர்காலம், அந்தக் குளிர் எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுக்கும். ஆனால் புது மருமகளுக்குக் குளிர் உண்டா, தூக்கம் உண்டா? முற்றம் பெருக்க வேண்டும், அடுப்பு மூட்ட வேண்டும், மாமனார் மாமியார் குளிக்க வெந்நீர் காய்ச்சி வாசலில் கொண்டுவந்து வைத்து, முழங்காலிட்டு, "தண்ணி வெச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்ன பிறகுதான் அவள் அந்த வீட்டுப் பெண். அதற்கு முன்னால் என்ன கல்யாணம் நடந்திருந்தாலும் விருந்தாளிதான்.

முதல் நாள் மாமியார் தண்ணீரில் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள். "இது யாருக்கு? மீனுக்கா?" என்று கேட்டாள். மாமோயோ டின்னைத் தூக்கிக்கொண்டு அடுப்புக்குத் திரும்பினாள். அப்படிப் பதினோரு வருடம். கைரேகை அழியும்வரை விறகு பிளந்திருக்கிறாள். மனதுக்குள் மாமியாரைத் திட்டாத திட்டு இல்லை. ஆனால் கிழவி படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில், பார்க்க வந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொன்னாள். "என் மருமக வெக்கிற தண்ணியில குளிச்சாத்தான் எனக்குப் பொழுதே விடியும்." அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மாமோயோ பதினோரு வருடத்துக் கோபத்தையும் மறந்துவிட்டாள். தனக்கும் ஒருத்தி வருவாள், தானும் ஒருநாள் விரலை விட்டுப் பார்ப்போம் என்று அன்றைக்கே மனதில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

வர வேண்டியவள் வரவில்லை. அதுதான் கதை.

கணவன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து, ஓய்வு பெறுவதற்குள் இறந்துபோனான். ஒரே மகன் லிண்டானி இருபது வயதில் வேலை தேடி எல்லை தாண்டி ஜோகன்னஸ்பர்க் போனான். எங்கள் மக்வெக்வே தெருவில் ஜோகன்னஸ்பர்க் போகாத மகன் யார் வீட்டில் இருக்கிறான்? அங்கேயே மசேகோ என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டான். ஆறு வருடம் ஆயிற்று. மாமோயோ மருமகளைப் பார்த்ததெல்லாம் கைப்பேசிக்குள்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் லிண்டானி மட்டும் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவான். சர்க்கரை வரும், சமையல் எண்ணெய் வரும், போர்வை வரும். மருமகள் வரமாட்டாள்.

"அவளுக்கு லீவு குடுக்கலம்மா" என்பான்.

மசேகோவுக்கு வேலை ஒரு முதியோர் இல்லத்தில். நடக்க முடியாத கிழவிகளைக் குளிப்பாட்டி உடுத்தி விடுவது. பண்டிகை நாளில்தான் அங்கே ஆள் பற்றாக்குறை. இதெல்லாம் மாமோயோவுக்குப் புரியாமல் இல்லை. புரிந்தும் என்ன? முகம் தெரியாத அந்தக் கிழவிகள்மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது. என் வீட்டுக்கு வர வேண்டியவள் கை அவர்கள் முதுகில் கிடக்கிறதே என்று இருந்தது.

போன வருடத்துக்கு முந்தைய வருடம், ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து சாமான் கொண்டுவரும் வேன் வீட்டு வாசலில் நின்றது. வெள்ளை உருளை ஒன்றும், பழைய போர்வைகளில் சுற்றிய இருபது கண்ணாடிக் குழாய்களும் இறங்கின. பிளம்பர் ஒருவன் வந்து கொல்லைக் குளியலறையின் சிமெண்டுக் கூரை மேல் எல்லாவற்றையும் பொருத்திவிட்டுப் போனான். மேலே தண்ணீர் உருளை, கீழே வரிசையாகச் சாய்ந்த கண்ணாடி. சாயங்காலம் லிண்டானி கூப்பிட்டான்.

"அம்மா, வெயில்லயே தண்ணி காயும். கரண்டு வேண்டாம், விறகு வேண்டாம். இனிமே உனக்கு வெந்நீர் வெக்க யாருமே வேண்டாம்."

"நல்லா இருக்குப்பா" என்றாள். போனை வைத்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். அவளுக்கு எப்போது வெந்நீர் இல்லாமல் போயிற்று? வேண்டியது வெந்நீர் வைக்க ஒருத்தி. மகன் கெட்டிக்காரன், பாதியைத்தான் புரிந்துகொண்டான்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அடுத்த வீட்டு மாசிபாண்டா வேலிக்கு மேல் தலையை நீட்டினாள். "என்ன மாமோயோ, உன் மருமக வந்துட்டா போலிருக்கே? கூரை மேல கால நீட்டிப் படுத்திருக்கா."

"ஆமா, அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. சூரியன் உச்சிக்கு வந்தாத்தான் வேலைய ஆரம்பிப்பாளாமே. இந்தக் காலத்து மருமகதான், சந்தேகமே இல்ல. ஆனா எதிர்த்துப் பேசமாட்டா. அந்த மட்டும் நீ குடுத்து வெச்சவ."

தெருவே சிரித்தது. மாமோயோவும் சிரித்தாள், வேறென்ன செய்வது. ஆனால் அந்த மருமகளுக்கும் ஆயிரம் உபசாரம் செய்ய வேண்டியிருந்தது. நகரசபைத் தண்ணீர் வாரத்தில் இரண்டு மூன்று நாள்தான் வரும், அதுவும் அகாலத்தில். வெறும் கண்ணாடி வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும்போது பச்சைத்தண்ணீர் பாய்ந்தால் படாரென்று வெடித்துவிடும் என்று பிளம்பர் எச்சரித்திருந்தான். அதனால் தண்ணீர் வரும் நாளில் சூரியன் எழுமுன் அவள் எழுந்து உருளையை நிரப்புவாள். அதே நான்கு மணி. மாமியார் எழுந்து மருமகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிற வீடு உலகத்தில் இது ஒன்றுதான் என்று அவளே சொல்லிக்கொள்வாள்.

குறை சொல்லக் கூடாது, தண்ணீர் என்னவோ நன்றாகத்தான் காய்ந்தது. மத்தியானம் மூன்று மணிக்குக் கோழியை முக்கி இறகு பிடுங்கலாம். சாயங்காலம் அக்கம்பக்கத்தார் வீட்டுக்கு ஒரு வாளி வாங்கிப் போவார்கள். மாமோயோ தானும் குளிப்பாள். உடம்பு சூடாகும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு தட்டு சோளக்களியைத் தனியாகச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வாள்.

இந்த ஜூலையில் லிண்டானி கூப்பிட்டான். "அம்மா, மசேகோவுக்கு லீவு கெடச்சிருக்கு. வெள்ளிக்கிழமை வர்றோம். ஞாயித்துக்கிழமை காலையில கெளம்பணும்."

மாமோயோ கணக்குப் போட்டாள். வெள்ளி வருகிறார்கள். சனிக்கிழமை ஒரு விடியற்காலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வேன் ஏறுகிற அவசரம். ஆறு வருடம் காத்திருந்து கையில் வந்தது ஒரே ஒரு விடியல். அந்த விடியலில் குழாயைத் திருகினால் வெந்நீர் கொட்டும் என்றால், அந்தப் பெண் எதற்கு எழுந்து அடுப்பு மூட்டப் போகிறாள்?

அதன் பிறகு அவள் செய்ததை அவளைத் தவிர வேறு யாரும் செய்திருக்கமாட்டார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் வாளியோடு வந்தவர்களிடம், "எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்கோங்க" என்றாள். மாசிபாண்டா நான்கு வாளி எடுத்தாள். "ஒடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?" என்று நெற்றியைத் தொட்டும் பார்த்தாள். ராத்திரிக்குள் உருளை காலி. வெள்ளிக்கிழமை இருட்டோடு எழுந்து குளிர்ந்த தண்ணீரை நிரப்பினாள். ஏணியில் ஏறி, வீட்டிலேயே தடிமனான பழுப்புப் போர்வையைக் கண்ணாடிக் குழாய்கள் முழுவதும் மூடுமாறு விரித்து, மூலைக்கு ஒரு செங்கல் வைத்தாள். யாராவது கேட்டால் காயப் போட்டிருக்கிறேன் என்று சொல்லலாம். பிறகு ஒரு கட்டு மோப்பானி விறகை அடுப்பருகே சாய்த்து, பழைய இருபது லிட்டர் டின்னைத் துலக்கி, தீப்பெட்டியைக் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தாள்.

பத்து மணிக்கு வேன் வந்தது. மசேகோ குட்டையாக, கொஞ்சம் பருமனாக இருந்தாள். தலையில் துணி கட்டி, தோளில் போர்வை போர்த்தி, மருமகள் வர வேண்டிய கோலத்தில்தான் வந்தாள். பாயில் உட்கார்ந்து தலை குனிந்துகொண்டாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். மாமோயோ அவள் கைகளைப் பார்த்தாள். சோப்புத் தண்ணீரிலேயே கிடந்து வெடித்துப்போன கைகள்.

மத்தியானம் மசேகோ துணி காயப்போடக் கொல்லைப் பக்கம் போனாள். மாமோயோ வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தாள். ஐந்து நிமிடம் கழித்து மசேகோ வெறும் வாளியோடு வந்து கீரை நறுக்க உட்கார்ந்தாள். பட்டணத்துப் பெண், அண்ணாந்து பார்த்திருக்கமாட்டாள் என்று மாமோயோ மூச்சு விட்டாள்.

லிண்டானிதான் வம்புக்கு வந்தான். சாயங்காலம் குழாயைத் திறந்துவிட்டுக் கத்தினான். "என்னம்மா இது, பனிக்கட்டியா இருக்கு? நாள் பூரா வெயில் கொளுத்துச்சே?"

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆயிற்று அவளுக்கு. "காலையிலதான் தண்ணி வந்துச்சு. அப்பத்தான் ரொப்பினேன். சூடேற வேண்டாமா?"

"காலையில ரொப்பினா இந்நேரம் கொதிச்சிருக்கணும். எங்கயோ கோளாறு. இரு, ஏறிப் பாக்கறேன்."

"நாளைக்குப் பாத்துக்கலாம், விடுங்க" என்றாள் மசேகோ. "நான் கெட்டில்ல கொஞ்சம் வெச்சுத் தர்றேன். கரண்டு இருக்கறப்பவே குளிச்சுடுங்க."

சனிக்கிழமை மாமோயோ மூன்றரைக்கே விழித்துவிட்டாள். எழுந்திருக்கவில்லை. போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தாள். நாலு மணி. ஒரு சத்தமும் இல்லை. நாலே கால். இனி வரமாட்டாள், ஜோகன்னஸ்பர்க்கில் இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். சமாதானம் ஆகவில்லை. பொல்லாத ஏக்கம் அது, அறுபதை நெருங்குகிறவளைக் குழந்தை மாதிரி உதட்டைக் கடிக்க வைத்தது.

நாலரைக்குக் கொல்லைக் கதவு கிறீச்சிட்டது. துடைப்பம் முற்றத்தில் இழுபடும் சத்தம். பிறகு கோடரி. அடி சரியாக விழவில்லை. மோப்பானி இரும்பு மாதிரி, பழகாத கைக்குப் பிளக்காது. மறுபடி ஒரு அடி, மறுபடி ஒன்று. அப்புறம் இருமல். ஜன்னல் வழியே புகை வந்தது. மாமோயோ அந்தப் புகையை மூச்சு நிறைய இழுத்தாள். கண்ணில் நீர் வந்ததற்குப் புகைமேல் பழி போட்டுக்கொண்டாள்.

முக்கால் மணி நேரம் ஆயிற்று. காலடி குளியலறைப் பக்கம் போய் நின்றது.

"அம்மா, தண்ணி வெச்சிருக்கேன்."

மாமோயோ கொல்லைக் கதவைத் திறந்தாள். மசேகோ குளியலறை வாசலில் டின்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு முழங்காலிட்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்து, நெற்றியில் சாம்பல் ஒட்டி, வலது உள்ளங்கையில் புதுக் கொப்புளம். ஆவி பறந்தது. மாமோயோ விரலை விட்டுப் பார்த்தாள். பதம் தவறாத சூடு. இந்த நேரத்துக்கென்று ஆறு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தக் கொப்புளத்தைப் பார்க்கப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"பாரும்மா, கூரை மேல ஒரு போர்வை..."

"தெரியும்மா. நேத்து துணி காயப்போடறப்பவே பாத்தேன்."

"பாத்தியா? பாத்துட்டுமா எடுக்கல?"

"நீங்க விரிச்சத நான் எப்படி எடுக்கறது?" மசேகோ தலையை நிமிர்த்தவில்லை. "எங்க இல்லத்துல ஒரு அம்மா இருக்காங்க. தண்ணி ஊத்தி வெச்சுட்டு நான் வெளிய வந்த ரெண்டாவது நிமிஷம் மணியடிப்பாங்க, ஆறிப்போச்சுன்னு. போய்க் கைய வெச்சா சுடும். நானும் ஆமாம்மா, ஆறித்தான் போச்சுன்னு ரெண்டு சொம்பு ஊத்திட்டு, அவங்க பேசி முடிக்கற வரைக்கும் நிப்பேன்."

"அவங்களுக்குப் புள்ளைங்க இல்லையா?"

"மூணு பேரு இருக்காங்க. நல்லா வசதியா இருக்காங்க."

மாமோயோ டின்னை உள்ளே இழுத்து வைத்துக் கதவைச் சாத்தினாள். முதல் சொம்பைத் தோளில் ஊற்றிக்கொண்டாள். சூடு என்னவோ அதே சூடுதான். வெயில் காய்ச்சிய தண்ணீருக்கும் இதற்கும் தோலுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒருத்தி முழங்காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறாள், அவள் மூச்சு விடுவது கேட்கிறது. நாளைக்கு இதே நேரம் வேன் எல்லையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். அடுத்த லீவு எப்போதோ, அதற்குள் தான் இருப்போமோ இல்லையோ. மாமோயோ சொம்பை அரைச் சொம்பாக்கினாள். அரையைக் கால் ஆக்கினாள். எவ்வளவு மிச்சம் பிடித்தாலும் ஒரு டின் ஒரு டின்தான்.

"சூடு போதுமாம்மா?" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

குளியலறை முழுக்க ஆவி. எதிர்ச் சுவர் தெரியவில்லை.

"ஆறிப்போச்சு" என்றாள் மாமோயோ. "இன்னொரு டின் கொண்டா."

வெளியே காலடி அடுப்புப் பக்கம் போயிற்று. பிறகு கோடரி விறகில் விழும் சத்தம் கேட்டது.