குணமான மறுநாள்

கோவில்பட்டி பஸ் நிலையத்தில் நடத்துநர் "மதுர, மதுர" என்று கூவினால் எனக்கு அம்மாவின் ஞாபகம்தான் வரும். தொண்ணூறுகளின் கடைசியில், நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். ஆபரேஷனும் கீமோவும் முடிந்து, கரண்ட் வைக்கும் கதிர்வீச்சு சிகிச்சைக்காகத் தினமும் அப்பாவோடு மதுரைக்குப் போய்வந்தாள். முடி கொட்டியபோதும் தோல் கருகியபோதும் அவள் அழவில்லை.

"சரியாயிருச்சு, இனிமே வர வேணாம்மா" என்று டாக்டர் சொன்ன மறுநாள், வழக்கம்போல விடியலில் குளித்துச் சேலை மாற்றியவள், அப்படியே உட்கார்ந்து அழுதாள்.

"சரியாப் போச்சுல்லா, எதுக்கு அழுவுத?" என்றார் அப்பா.

"தெனமும் போகையில ஆஸ்பத்திரில அவிய பாத்துக்கிடுதாவன்னு தைரியமா இருந்துச்சு. இனிமே அது திரும்பி வந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

தீப்பெட்டி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, "வா, போய்க் கேப்போம்" என்று அவளை மதுரைக்கே கூட்டிப்போனார். டாக்டர் கோபப்படவில்லை. மாதம் ஒருமுறை வந்து காட்டச் சொன்னார். சாயங்காலம் வீடு திரும்பிய அம்மா, பசிக்கிறது என்றாள்.

பயம் அன்றோடு போய்விடவில்லை. லேசாக இருமினாலே அவள் முகம் வெளுத்துவிடும். அப்போதெல்லாம் அப்பா "ஒண்ணுமில்ல" என்று சொல்லமாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.